நீக்கச் சொன்ன ஸ்லைடு

ஜூன் 16, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்களுடைய நெஞ்செரிச்சல் மாத்திரையின் பெயர். மனிதன் தன் அந்தரங்கத்தை எழுதி முடித்ததும் நெஞ்செரியும் என்று யாரோ சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆறு மாதமாக இது ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மேசை ஆடுகிறது.

காரணம் மீரான். டாக்டர் மீரான் மைதீன் என்னோடு மருத்துவக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். கடையநல்லூரில் பிராக்டிஸ். மாவட்டப் பொது மருத்துவர்கள் சங்கத்துக்கு இந்த ஆண்டு செயலாளர். மாலை கிளினிக்குக்கு வந்து, காத்திருந்த நோயாளிகள் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"வே சைலம், ஒரு உதவி. அடுத்த மாசம் குத்தாலத்துல நம்ம மாநாடு. மெட்ராஸ் புரொபசர் வரமாட்டேன்னுட்டார். வெளிநாட்டுல வேற மாநாடாம். நீருதான் பேசணும்."

"என்ன தலைப்பு?"

"பொது மருத்துவத்தில் அண்மைக்கால முன்னேற்றங்கள். ஒரு மணி நேரம்."

"நான் கடைசியா படிச்ச முன்னேற்றம் என்னன்னு உமக்குத் தெரியும்லா?"

"அது கெடக்கு. பிளெக்ஸ் அடிச்சாச்சு. கோட்டு சூட்டு அப்படியே இருக்கட்டும், தலையை மட்டும் உம்ம தலையா மாத்திருதேன்."

ஒப்புக்கொண்டேன். அறுபத்துமூன்று வயதில் ஒரு மனிதனுக்கு வேறொருவன் கோட்டில் பெருமை கிடைக்கிறதென்றால் மறுக்கக் கூடாது.

ஜூன் 19, வியாழன்

படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மருத்துவத்தில் அண்மைக்கால முன்னேற்றம் என்றால் என்ன என்று ஒரே நாளில் புரிந்துவிட்டது. போன வருடம் வரை நாம் செய்துகொண்டிருந்தது தப்பு என்பதைப் பெரிய எழுத்தில் சொல்வது.

மாரடைப்பு வராமலிருக்கட்டும் என்று வயதான எல்லாருக்கும் நாங்கள் ஆஸ்பிரின் எழுதினோம். மாரடைப்பே வந்திராதவர்களுக்கு அதனால் நன்மையைவிட வயிற்றில் ரத்தக்கசிவுதான் அதிகம் என்கிறார்கள் இப்போது. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் வியாதி என்று படித்துப் பாஸானோம். இப்போது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுகிற மாத்திரைதான் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காவல் தெய்வம். சர்க்கரை நோய் இல்லாதவனுக்கும் கொடுக்கலாமாம். எங்கள் பேராசிரியர் இதைக் கேட்டிருந்தால் எங்களைப் பெயிலாக்கியிருப்பார். பிறகு தன்னையும்.

கிளினிக் மாடிப்படி பற்றிக் கட்டட உரிமையாளரிடம் பேச வேண்டும். படிகளை உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். இருபது வருடமாக ஏறுகிறேன், இப்போதுதான் கவனிக்கிறேன். பாதியில் நின்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்து உறவு முக்கியம்.

ஜூன் 24, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக இதய கிளினிக் திறந்திருக்கும் டாக்டர் ஜெஸிந்தா இன்று மரியாதை நிமித்தம் என்னைப் பார்க்க வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் தென்காசிக்காரர்கள் பாதிப் பேருடைய இதயத்தைப் படமெடுத்துவிட்டார். கால்விரலில் கல் பட்டுப் போனாலும் ஒரு எக்கோ. என் நோயாளிகள் அந்தக் கறுப்புவெள்ளைப் படத்தைக் கல்யாண ஆல்பம் மாதிரி கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

நான் மதியம் சாப்பிட்டுத் திரும்புகிற நேரம். படியில் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவரும் எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"சார், நீங்க நின்னு நின்னுதான் ஏறுவீங்களா?"

"இந்தப் படியில எல்லாரும் அப்படித்தான் ஏறுவாங்க."

அவர் என் காலைப் பார்த்தார். "ஒரு தடவை நம்ம கிளினிக்குக்கு வாங்களேன் சார். எக்கோ பாத்துருவோம். பத்து நிமிஷம்தான்."

வியாபாரம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். என் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது, அதில் நாற்பது வருடமாக என் காது இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அவர் சிரித்துவிட்டுத்தான் போனார்.

செருப்பு வேறு இறுக்குகிறது. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான். சாயங்காலமானால் கணுக்காலில் வார் தடம் பதிந்துவிடுகிறது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று முதல் ஸ்லைடு தயாரிக்கிறோம். 'றோம்' என்பதில் தட்டச்சு செய்வது உலகம்மை, திருத்துவது நான். என் மனைவி தாசில்தாராக ஓய்வு பெற்றவள். அவளிடம் எழுதக் கொடுத்த எதுவும் உத்தரவு மாதிரிதான் வெளியே வரும். "மேற்கண்ட நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் வழங்கலாகாது" என்று அடித்திருக்கிறாள். அப்படியே விட்டுவிட்டேன்.

நானே அடிக்கலாம். விரல் நுனிகள் கொஞ்சம் மரத்துக்கிடக்கின்றன. ஐந்து வருடத்துக்கு முன் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மருந்துச்சீட்டு எழுதி எழுதி வந்தது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். இடது கையால் நான் ஒருநாளும் மருந்துச்சீட்டு எழுதியதில்லை. அவர் அவசரத்தில் இருந்தார், நானும் கேட்கவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எட்டு வருடமாக இருந்த ரத்த அழுத்தம் எனக்குத் தானாகவே குணமாகிவிட்டது. மாத்திரை போட்டால் தலைசுற்றுகிறது, போடாவிட்டால் நூற்றுப்பத்து. போன தீபாவளியோடு நிறுத்திவிட்டேன். நடைப்பயிற்சியின் பலன். நாய்த் தொல்லையால் நடைப்பயிற்சியையும் போன தீபாவளியோடுதான் நிறுத்தினேன்.

ஜூலை 3, வியாழன்

இன்று ஒரு அருமையான நோய் கிடைத்தது. கூட்டத்தை உட்கார வைக்க இதுதான் சரக்கு.

இதயத் தசையில் அமிலாய்டு படிதல். கல்லீரலில் உண்டாகும் ஒரு புரதம், வயதானால் மடிப்புக் கலைந்து, இழை இழையாக இதயச் சுவரில் போய்ப் படிகிறது. சுவர் தடித்துப்போகும். ஆனால் அது பலமல்ல, விறைப்பு. சுருங்குவது ஓரளவு நடக்கும், விரிவதுதான் நடக்காது. எங்கள் காலத்தில் இதைப் பற்றி அரைப் பத்தி இருந்தது. நோயாளி இறந்தபிறகு கண்டுபிடிக்கிற நோய் என்பதால் யாருக்கும் அவசரமிருக்கவில்லை. இப்போது ஒரு எலும்பு ஸ்கேனும் சில ரத்தப் பரிசோதனைகளும் போதும், சதையை வெட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். அந்தப் புரதம் கலைந்துவிடாமல் பிடித்துவைக்கிற மாத்திரை வந்துவிட்டது. கல்லீரலில் அது உண்டாவதையே குறைக்கிற ஊசியும் வந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் முன்னறிவிப்புகள். நான் சொல்லச் சொல்ல உலகம்மை அடித்தாள்.

"அறுபது வயசைத் தாண்டிய ஆண்கள். போட்டியா? அடுத்து. இதயத்துல தெரியறதுக்குச் சில வருஷம் முன்னாலயே ரெண்டு மணிக்கட்டுலயும் நரம்பு அழுத்தம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டுலயும். அடுத்து. மேல்கைத் தசைநார் தானாகவே அறுந்து, சதை பந்து மாதிரி உருண்டு நிக்கும். அடுத்து. பழைய பிரஷர் நோயாளிக்குப் பிரஷர் தானா இறங்கிரும், மாத்திரை ஒத்துக்கிடாது. கால் வீக்கம், மாடி ஏறினா மூச்சு வாங்கும். போட்டாச்சா?"

உலகம்மை நிமிர்ந்தாள். என் வலது மேல்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ரயிலில் பெட்டியைத் தூக்கும்போது 'டப்' என்று ஏதோ ஆகி அங்கே சதை கொஞ்சம் உருண்டிருக்கிறது. பெட்டியில் அவள் புடவைகள் இருந்தன. அவ்வளவுதான்.

"என்னங்க," என்றாள்.

"ஸ்லைடுக்குத் தலைப்பு போடு. 'இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தும் கண்டுகொள்ளாத மருத்துவர்'. சிரிப்பாங்க."

போட்டாள். பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தோசைக்கு அரைத்து வைத்திருந்தாள், உப்புமா வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

அந்த ஸ்லைடு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நேரப் பற்றாக்குறை. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. ஊருக்கு ஒருவருக்கு வருகிற நோய்க்கு ஈ.சி.ஜி., மருந்து பற்றிய ஸ்லைடுகளே அதிகம். அதற்குப் பதிலாக உடம்பு இளைக்க வாரம் ஒருமுறை போடுகிற ஊசியைப் பற்றி இரண்டு ஸ்லைடு கூட்டலாம். சங்க உறுப்பினர்களின் சுற்றளவைப் பார்க்கும்போது அதில்தான் உண்மையான ஆர்வம் இருக்கும்.

"உலகு, முன்னறிவிப்பு ஸ்லைடை எடுத்துரு."

"ஏன்?"

"நேரம் பத்தாது."

"சரி," என்றாள். முப்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் அவள் மறுபேச்சில்லாமல் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. என் வாதத்தின் வலு.

படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக்கொள்கிறேன். படிப்பதற்கு வசதியாக. விளக்கை அணைத்தபிறகும் எடுப்பதில்லை, சோம்பல்.

ஜூலை 12, சனி

ஐந்தருவியில் ஐந்திலும் தண்ணீர் கொட்டுகிறது என்று மீரான் போன் செய்தார். நாளைய மாநாட்டைப் பற்றி அவருக்கிருந்த ஒரே கவலை தீர்ந்தது. எனக்கிருந்த ஒரே கூட்டமும்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடுதி வாசலில் பிளெக்ஸ். சென்னைப் பேராசிரியரின் கோட்டின்மேல் என் தலை. கழுத்து அவருடையது, மாநிறம். நான் கறுப்பு. பார்ப்பவர்களுக்கு ஏதோ தோல் வியாதி பற்றிய மாநாடு என்று தோன்றியிருக்கும். உள்ளே காலைச் சிற்றுண்டிக்கு அல்வா, நெய்ப் பொங்கல், வடை. நீரிழிவு அமர்வு அதற்கடுத்து. ஒரு கம்பெனிக்காரர் செயற்கை நுண்ணறிவு ஈ.சி.ஜி. இயந்திரம் வைத்திருந்தார். டாக்டர்கள் வரிசையாகப் போய் மருந்துப்பை வாங்கிக்கொண்டார்கள், இயந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. அது நம்மிடம் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது.

தலைவர் டாக்டர் சங்கரபாண்டியன் வரவேற்புரையில் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார். போர்த்தி முடிக்கும்போது என் உரை தொடங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அரங்கத்தில் நூறு நாற்காலி. அதில் பாதிக்குமேல் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள், ஆட்கள் அருவியில். இருந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த களைப்பில் சாய்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் மீரான், சமையல்காரரோடு போனில். நடு வரிசையில் டாக்டர் ஜெஸிந்தா, கையில் பேனா. கடைசி வரிசையில் உலகம்மை. அருவிக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

மேடைக்கு ஆறு படி. ஏறி மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கூட்டத்தை அமைதியாகப் பார்த்தேன். பேச்சாளர்கள் செய்வதுதான்.

ஆஸ்பிரினுக்குச் சிரித்தார்கள். இளைக்கும் ஊசிக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்தது, நான் நீக்கச் சொன்ன ஸ்லைடு.

தலைப்பு அப்படியே இருந்தது. 'இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தும் கண்டுகொள்ளாத மருத்துவர்.'

தாண்டிப் போக அழுத்தினேன். விரல் நுனி மரத்திருந்ததால் பொத்தான் அகப்படவில்லை. அதனால் வாசித்தேன். ரெண்டு மணிக்கட்டு என்று வாசிக்கும்போது மைக்கைப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினேன், தழும்பு தெரியும் என்று. மைக்கும் சேர்ந்து இறங்கியதால் யாருக்கும் கேட்கவில்லை. திரும்ப ஏற்றி வாசித்தேன். மேல்கைத் தசை. தானாகக் குணமான பிரஷர். கால் வீக்கம். வாசிக்க வாசிக்க மூச்சு வாங்கியது. அதுவும் ஸ்லைடில் கடைசி வரியாக இருந்தது.

டாக்டர் ஜெஸிந்தா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

உரை முடிந்ததும் தலைவர் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மருந்துக் கம்பெனிப் பையன் மைக்கை அவளிடம் ஓடிப்போய்க் கொடுத்தான்.

"வணக்கம். நான் டாக்டர் இல்லை," என்றாள் உலகம்மை. தாலுகா ஆபீசில் மனு விசாரிக்கிற அதே குரல். "ஒரு விளக்கம் வேணும். இந்த ஸ்லைடுல சொன்ன நோயாளியே டாக்டரா இருந்தா, அவரை யாரு பாக்கணும்?"

கூட்டம் சிரித்தது. நல்ல கேள்வி என்று தலைவரும் சிரித்தார். நான் மிகச் சிறப்பான ஒரு பதில் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் வரவில்லை.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். மீரான் போனைக் காதிலிருந்து எடுத்திருந்தார். அதில் சமையல்காரர் ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது மேடை வரை கேட்டது.

ஜூலை 14, திங்கள்

கிளினிக் விடுமுறை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் சட்டை மாற்றிக் கீழே வந்தால் உலகம்மை கார் சாவியோடு நிற்கிறாள்.

"நான் எடுக்கச் சொன்ன ஸ்லைடை நீ எடுக்கல," என்றேன்.

"எடுக்கல."

"எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்தணும்னு இருந்திருக்க."

"வீட்டுல வச்சுச் சொன்னா நீங்க கேட்டுருப்பீங்களா? மூணாந்தேதியில இருந்து உங்க வாயைப் பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு." காரின் கதவைத் திறந்தாள். "எனக்குச் சோறு எறங்கல. ஏறுங்க."

டாக்டர் ஜெஸிந்தாவின் கிளினிக் தரைத் தளத்தில் இருக்கிறது. இதய நோயாளிகளைப் படியேற வைக்கக் கூடாது என்பது அவருடைய யோசனையாம். எரிச்சலூட்டும் அளவுக்குப் புத்திசாலி. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். நெஞ்சில் ஜெல் குளிர்ந்தது. என் நோயாளிகளை இப்படி ஆயிரம் தடவை புரட்டியிருக்கிறேன், மெத்தையின் ஓரத்தில் விளிம்பு குத்தும் என்பது இன்றுதான் தெரிந்தது.

என் இதயத்தைத் திரையில் பார்த்தேன். சுவர் தடித்துக் கிடந்தது. இவ்வளவு தடித்த சுவருக்கு ஈ.சி.ஜி.யில் அலைகள் மலை மாதிரி எழ வேண்டும். அவர் எடுத்த ஈ.சி.ஜி.யில் அலைகள் தவழ்ந்தன. இந்த முரண்பாட்டைப் பற்றி மேடையில் நான் விளக்கமாகப் பேசியிருந்தேன்.

"சுவர் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"சார், முதல்ல உக்காருங்க."

நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லுமுன் நான் சொல்கிற அதே வாக்கியம். அதில் இத்தனை பயம் இருக்கும் என்று யாரும் என்னிடம் புகார் சொன்னதில்லை.

"வால்வு, ரத்தக்குழாய் எல்லாம் பாத்துட்டேன். நீங்க நினைக்கறதைத்தான் நானும் நினைக்கறேன் சார். ரத்தமும் யூரினும் இன்னிக்கே அனுப்பிருவோம். மதுரையில எலும்பு ஸ்கேனுக்கு எழுதித் தர்றேன்." பேனாவைத் திறந்தார். "நீங்க அந்த லெக்சர் கொடுத்திருக்கலேன்னா நான் இன்னும் தயங்கியிருப்பேன். உங்க படியிலயே சொல்லியிருக்கணும்."

"சொன்னீங்க. நான் வியாபாரம்னு நெனச்சேன்."

"தெரியும் சார்," என்றார். அதற்கும் சிரித்தார்.

ஜூலை 18, வெள்ளி

மீரான் வந்தார். நாற்காலியில் உட்காராமல் மேசையருகே நின்றார். மேசை ஆடுவதைக் கவனித்துக் குனிந்து ஒரு அட்டையை மடித்து வைத்தார். இன்னொன்று மடித்து வைத்தார்.

"வே, நாப்பத்தஞ்சு வருஷமா உம்மகூடச் சாப்பிடுதேன். உம்ம கை ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்தவன் நானு. எனக்குத் தெரியலயே."

"எனக்கே தெரியல."

"உமக்குத் தெரியும்." மீரான் என்னைப் பார்த்தார். "நீரு அந்த ஸ்லைடை எடுக்கச் சொன்னதா உலகம்மை மதினி சொன்னா. தெரியாதவன் எதுக்கு எடுக்கச் சொல்லப்போறான்?"

பதிலுக்கு நான் சங்கத்தின் சாப்பாட்டுச் செலவைப் பற்றிக் கேட்டேன். அவர் என் சட்டைக் கையை மேலே தள்ளி, அந்த உருண்ட சதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் ஒருவர் உடம்பில் ஒருவர் அழுத்திப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். கதவு வரை போய்த் திரும்பினார்.

"மதுரைக்கு நான் வண்டி ஓட்டுதேன். மதினி பின்னால உக்காரட்டும்."

ஜூலை 24, வியாழன்

மதுரை. கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கேயிருந்த எல்லாரும் எலும்பில் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். எனக்கு எலும்பு தெளிவாக வந்தால் மட்டும் போதாது, எலும்புக்குப் போக வேண்டிய மருந்து என் இதயத்துக்குப் போகக் கூடாது என்பது என் வேண்டுதல். பக்கத்திலிருந்த அருப்புக்கோட்டைக்காரர் எனக்கு எங்கே என்று கேட்டார். இதயம் என்றேன். இதயத்தில் எலும்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அதைத்தான் உறுதிசெய்ய வந்திருக்கிறோம் என்றேன். அவருக்கு முதுகில் வலி. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், நான் அசையவில்லை.

மீரான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். திரும்பும்போது ரேடியோ போட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. படத்தில் விலா எலும்புகளைவிட என் இதயம் பளிச்சென்று இருக்கிறது. ரத்தத்தில் வேறு வகை அமிலாய்டு இல்லை. ஆக, நான் மேடையில் விவரித்த நோய்தான், எழுத்துப் பிசகாமல்.

டாக்டர் ஜெஸிந்தா விளக்கினார். நான் இதைப் பற்றி மேடையேறிப் பேசியவன், எனக்கே விளக்கினார், நானும் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்டேன். மேடையில் பேசும்போது 'வாழ்நாளைக் கணிசமாக நீட்டிக்கிறது' என்று சொல்லியிருந்தேன். கணிசமாக என்றால் எவ்வளவு என்று இப்போது கேட்கத் தோன்றியது. கேட்டேன்.

"சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லாப் பலன் தருது சார். நீங்க ரொம்பத் தாமதமில்ல. ரொம்ப சீக்கிரமும் இல்ல."

நேர்மையான பதில். நான் இப்படிச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். நான் ஒன்றும் கவலைப்படாதீங்க என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்பேன்.

உலகம்மை காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தது. கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் பொறுங்க தம்பி," என்று அதட்டிவிட்டு மறுபடி அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். பிறகு வண்டியை எடுத்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

நீர் இறங்க ஒரு மாத்திரை. கூடவே, சர்க்கரை இல்லாத எனக்குச் சர்க்கரை மாத்திரை. கணுக்கால் தெரிகிறது. செருப்புக்காரன் மேலிருந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டேன். ஒரு தலையணையோடு தூங்கினேன்.

புரதத்தைப் பிடித்துவைக்கும் அந்த மருந்துதான் தகராறு. விலையைப் போனில் கேட்ட மீரான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாநாட்டில் நான் அதைப் பற்றி மூன்று ஸ்லைடு காட்டினேன். எப்படி வேலை செய்கிறது, எந்த ஆய்வு, எத்தனை சதவீதம். யாருக்குக் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மருத்துவத்தில் சேராது என்று நாங்கள் எல்லாருமாக முடிவு செய்திருந்தோம்போல.

கம்பெனியின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது என்று ஜெஸிந்தா சொன்னார். உலகம்மை விண்ணப்பம் தயாரித்திருக்கிறாள். "மேற்படி நோயாளிக்கு மருந்து வழங்காமைக்கான காரணம் ஏதுமிருப்பின் எழுத்துமூலம் தெரிவிக்கவும்." இதற்குப் பதில் வராமல் போகாது.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டு செய்தி. மரபணுப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, இது வயதால் வந்த வகை. கோயம்புத்தூரிலிருக்கும் மகளுக்குப் போன் செய்து, என்னிடமிருந்து உனக்கு இந்த மூக்கு மட்டும்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறாளாம்.

மருந்து சலுகையில் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடிதத்தில் உலகம்மையை 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சங்கம் எனக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. இந்த விருதுக்கு வழக்கமாக ஐந்து வருடம் சண்டை நடக்கும், இரண்டு பேர் ராஜினாமா செய்வார்கள். எனக்குப் பத்து நாளில் ஏகமனதாக முடிந்துவிட்டது. என் ஸ்கேன் ரிப்போர்ட்டைச் செயற்குழு கவனமாகப் படித்திருக்கிறது.

கூட்டம் நிறைந்திருந்தது. மாநாட்டில் அருவியிலிருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, சாவு வீட்டில் செய்வதுபோல் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அந்தச் சாக்கில் மணிக்கட்டைத் திருப்பித் தழும்பு பார்த்தார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன், அவர்கள் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான். டாக்டர் ஜெஸிந்தாவிடம் தங்களுக்கும் ஒரு எக்கோ பார்க்கலாமா என்று இரண்டு பேர் ஒதுக்குப்புறமாகக் கேட்டதைப் பார்த்தேன்.

தலைவர் சங்கரபாண்டியன் பாராட்டுரை வாசித்தார். நல்ல தமிழ். "டாக்டர் சிவசைலம் இந்தப் பகுதி மக்களின் அன்பைப் பெற்றிருந்தார். தன்னலமற்ற மருத்துவராக விளங்கினார். கூர்ந்த மதியும் நகைச்சுவை உணர்வும் கொண்டவராகத் திகழ்ந்தார்."

நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது. மனிதர் நல்லவராகத்தான் இருந்திருக்கிறார் என்று தோன்றியது.

"விளங்குகிறார்."

முன் வரிசையிலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு தாலுகாவுக்கே கேட்கும் குரல்.

தலைவர் நிமிர்ந்தார். "அம்மா?"

"விளங்கினார்னு வாசிச்சீங்க. விளங்குகிறார்," என்றாள் உலகம்மை. "அதுக்கு முந்தின வரியும் தப்பு. அடுத்த வரியும் தப்பு. திருத்தி வாசிங்க."

தலைவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாக்கெட்டில் பேனாவைத் தேடினார். அவருக்கு வியர்த்துவிட்டது. மீரான் மேடைக்கு வந்து அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். தொண்டையைச் செருமினார். பிறகு முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு வினைமுற்றிலும் நின்று, யோசித்து, மாற்றி மாற்றி வாசித்தார். பெற்றிருக்கிறார். விளங்குகிறார். திகழ்கிறார். அவர் தடுமாறிய இடத்திலெல்லாம் உலகம்மை எடுத்துக்கொடுத்தாள்.